விளக்கு எரிந்தால் இஞ்சினை மாற்றிவிடுவதா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



இன்றைய அரங்கிற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஒரு பழைய கார். முகப்புப் பலகையில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்தால் டைமிங் சம்பந்தப்பட்ட ஒரு கோளாறுக் குறியீடு வருகிறது. அந்தக் காரைப் பழுது பார்ப்பதா, இஞ்சினையே மாற்றுவதா, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

ஒரு தரப்பு, "இருபது வயதுக் காருக்குச் செலவு செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல" என்கிறது. மறு தரப்பு, "புதுக் கார் வாங்கி ஒன்பது ஆண்டு தவணை கட்டுவதைவிடப் பழசைச் செப்பனிடுவதே புத்திசாலித்தனம்" என்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு தரப்புமே முதலில் கேட்க வேண்டிய கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தக் காருக்கு உண்மையில் என்ன நோய் என்று யாராவது கண்டுபிடித்தார்களா?

புந்தோங்கில் கார் என்பது ஆடம்பரம் அல்ல

ஈப்போவில் புந்தோங் என்றாலே கச்சான் பூத்தே நினைவுக்கு வரும். வறுத்த கடலையையும் முறுக்கையும் பொட்டலம் கட்டி இரவுச் சந்தைக்கு எடுத்துப் போகும் குடும்பத்திற்கு, வண்டி ஓடவில்லை என்றால் அன்றைய வியாபாரம் இல்லை. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியபோது நகரத்தை நோக்கி வந்த குடும்பங்கள் எத்தனையோ. தோட்டத்தில் பால்மரக் காடு லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. நகரத்திலோ வீடு ஓரிடம், வேலை வேறிடம், பிள்ளையின் பள்ளி இன்னோரிடம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போவதென்றாலும், பொது மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்துப் போவதென்றாலும் அந்தப் பழைய கார்தான்.

நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். இருபது ஆண்டில் 2,40,000 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த இஞ்சின் 6,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. நிமிடத்திற்கு 2,000 சுற்று என்று கணக்குப் போட்டால் அதன் கிராங்க் ஷாஃப்ட் 72 கோடி முறை சுழன்றிருக்கும். அத்தனை சுற்றிலும் ஒரு முறைகூடத் தாளம் தப்பாமல் இருந்ததால்தான் அந்தக் கார் இன்றும் வாசலில் நிற்கிறது. அந்தத் தாளத்திற்குத்தான் டைமிங் என்று பெயர்.

தாளம் தப்பினால் என்ன ஆகும்?

இஞ்சினுக்குள்ளே இரண்டு தண்டுகள் முக்கியமானவை. கீழே கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன் மேலும் கீழும் போய் வருவதைச் சுழற்சியாக மாற்றுவது அது. மேலே கேம்ஷாஃப்ட். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறப்பது அது. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட்டாகவோ இரும்புச் சங்கிலியாகவோ இருக்கும். டைமிங் பெல்ட், டைமிங் செயின் என்று சொல்லப்படுபவை இவைதான்.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். தவில் அரை மாத்திரை பிந்தினால் சபையில் உள்ள எல்லாருக்கும் முகம் சுளிக்கும். இஞ்சினிலும் அப்படித்தான். கிராங்க் பக்கத்துச் சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெல்ட் ஒரே ஒரு பல் நழுவினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகிவிடும். மூட வேண்டிய நேரத்தில் வால்வு திறந்திருக்கும். இழுவை குறையும், நின்ற நிலையில் இஞ்சின் நடுங்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

இந்தத் தாளத்தைக் கவனிக்க இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று கிராங்கின் சுழற்சியைக் கேட்கிறது, மற்றொன்று கேமின் சுழற்சியைக் கேட்கிறது. இஞ்சினின் கணினி இரண்டையும் ஒப்பிடுகிறது. அனுமதித்த அளவுக்கு மேல் இரண்டும் விலகினால் ஒரு குறியீட்டை எழுதி வைத்துவிட்டு விளக்கை ஏற்றுகிறது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஏன் விலகின என்று கணினி சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

குறியீடு ஒரு புகார் மட்டுமே

கார் தன் கோளாறைத் தானே எழுதி வைக்கும் முறைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988-இல் இதன் முதல் வடிவத்தைக் கட்டாயமாக்கியது. 1996-லிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஒரே மாதிரியான 16 முள் சாக்கெட்டும் ஒரே மாதிரியான குறியீடுகளும் வந்தன. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. காற்று மாசைக் குறைப்பதே இதன் முதல் நோக்கம். பட்டறைக்காரருக்கு உதவியது அதன் உபரிப் பயன்.

டைமிங் சம்பந்தமாக அடிக்கடி வரும் குறியீடுகள் சிலவே. பி 0011 என்றால் கேம் இருக்க வேண்டிய இடத்தைவிட முந்திப் போயிருக்கிறது. பி 0012 என்றால் பிந்தியிருக்கிறது. பி 0016 என்றால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பி 0335 கிராங்க் சென்சாரின் மின்சுற்றையும், பி 0340 கேம் சென்சாரின் மின்சுற்றையும் குறிக்கும். முதல் இலக்கம் சைபர் என்றால் அது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானது. ஒன்று என்றால் அந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டது. டொயோட்டா குடும்பத்து வண்டிகளில் வரும் பி 1346 அப்படிப்பட்டது. அதுவும் கேம் சென்சார் சொல்லும் நிலை எல்லை தாண்டியதைத்தான் குறிக்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பி 0340 வந்ததும் கேம் சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள். பி 0016 வந்ததும், "செயின் போச்சு, இஞ்சின் போச்சு" என்று தலையில் கை வைக்கிறார்கள். குறியீடு என்பது காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்ட புகாரைப் போன்றது. இன்ன இடத்தில் இன்ன தொந்தரவு என்று அது சொல்கிறது. புகார் வந்தவுடனே பக்கத்து வீட்டுக்காரரைச் சிறையில் போடுவதில்லை அல்லவா? விசாரணை நடக்க வேண்டும். காரிலும் அந்த விசாரணைதான் மெக்கானிக்கின் உண்மையான வேலை.

சந்தேகப் பட்டியலில் மூவர்

டைமிங் குறியீடு வந்தால் குற்றவாளி மூன்று கூட்டத்தில் ஒன்றில் இருப்பான்.

முதல் கூட்டம் மின்சாரம். சென்சார் கெட்டிருக்கலாம். சென்சாருக்குப் போகும் வயர், இருபது ஆண்டு இஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கலாம். இணைப்புக்குள் எண்ணெய் கசிந்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். பேட்டரி பலவீனமாக இருந்து, ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, சென்சாரின் குரல் கணினிக்குச் சரியாகக் கேட்காமலும் போயிருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் சூடேறியதும் நின்றுபோய், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பினால், கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும்.

இரண்டாவது கூட்டம் எண்ணெய். நம் மக்கள் மிஞாக் ஈத்தாம் என்று சொல்லும் இஞ்சின் எண்ணெய்தான். 2000-க்குப் பிறகு வந்த பல கார்களில் கேமின் தாளத்தைத் தேவைக்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு உண்டு. அதை நகர்த்துவது எண்ணெயின் அழுத்தம். ஒரு சிறிய மின்காந்த வால்வு திறந்து மூடி அந்த எண்ணெயை அனுப்புகிறது. எண்ணெய் குறைந்தாலும், தாராய்க் கெட்டிப்பட்டாலும், தவறான அடர்த்தியில் ஊற்றினாலும், கசடு வந்து அந்த வால்வை அடைத்தாலும் கேம் போக வேண்டிய இடத்திற்குப் போகாது. சொன்ன பேச்சைக் கேட்காமல் முந்தியே நின்றுவிட்டால் பி 0011. இஞ்சின் நிற்கும்போது நடுங்கும், சிக்னல் விளக்கில் அணைந்தும் போகும். இதற்குச் செயினை மாற்றினால் காசுதான் போகும்.

மூன்றாவது கூட்டம் இரும்பும் ரப்பரும். செயின் நீளுகிறது என்று சொல்வது வழக்கம். இரும்பு மாவு போல இழுபடுவதில்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி தேய்கிறது. 100 கண்ணியில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தேய்ந்தாலும் மொத்தம் 2 மில்லிமீட்டர் தளர்ந்துவிடும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும், அது உராய்ந்து ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளும் கூடவே தேய்கின்றன. காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடிகள் தகரத்தில் சங்கிலியைக் குலுக்குவது போலச் சத்தம் கேட்டால் இந்தக் கூட்டத்தைத்தான் விசாரிக்க வேண்டும். பெல்ட் என்றால் சத்தம் வராது. வெடிப்பு, பல் உதிர்தல், எண்ணெய்க் கசிவில் ஊறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமலே அறுந்துவிடும்.

விசாரணை எந்த வரிசையில்?

மலிவானதிலிருந்து விலை கூடியதற்கு, வெளியிலிருந்து உள்ளே. இதுதான் வரிசை. இந்த வரிசை மாறும்போதுதான் செலவு ஏறுகிறது.

முதலாவது, குறியீட்டை அழிக்கக் கூடாது. எல்லாக் குறியீடுகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். கோளாறு நடந்த அந்தக் கணத்தில் இஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு பாரத்தில் இருந்தது என்பதையும் கணினி படம் பிடித்தது போல வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியும் அழியும். காலைக் குளிரில் வந்த கோளாறா, மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் வந்த கோளாறா என்பது அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, வரலாற்றைக் கேட்க வேண்டும். "அண்ணே, எப்போ கடைசியா எண்ணெய் மாத்தினீங்க? பெல்ட் வேலை ஏதும் செஞ்சீங்களா? விளக்கு அதுக்கு முன்னால எரிஞ்சுதா, அப்புறம் எரிஞ்சுதா?" என்று கேட்கும் மெக்கானிக் பாதி வேலையை முடித்துவிட்டார். பெல்ட் மாற்றிய மறுவாரம் பி 0016 வந்தால் தேய்மானத்தைத் தேட வேண்டியதில்லை. பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். அளவு, நிறம், நாற்றம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே கசடு படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கையேட்டில் சொன்ன அடர்த்தியுள்ள எண்ணெயையும் நல்ல வடிகட்டியையும் போட்டுச் சில நாள் ஓட்டிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, இஞ்சின் மாற்றும் செலவில் ஒரு துளி. ஒரு எச்சரிக்கை. கசடு மிகுந்த பழைய இஞ்சினில் கடுமையான கழுவு மருந்தை ஊற்றினால், பெயர்ந்து வரும் கசடு எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைத்துவிடலாம். அடிக்கடி எண்ணெய் மாற்றி மெதுவாகச் சுத்தம் செய்வதே பாதுகாப்பு.

நான்காவது, பேட்டரி, வயர், இணைப்பு. இஞ்சின் ஓடும்போது வயர்க் கற்றையை மெல்ல அசைத்துப் பார்த்தாலே சில ரகசியங்கள் வெளியே வரும்.

ஐந்தாவது, கருவியில் நேரடி எண்களைப் பார்க்க வேண்டும். கேம் எங்கே இருக்க வேண்டும் என்று கணினி கேட்கிறது, கேம் உண்மையில் எங்கே இருக்கிறது என்ற இரண்டு எண்களும் தெரியும். கட்டளை மாறும்போது கேமும் பின்தொடர்ந்தால் எண்ணெய் அமைப்பு வேலை செய்கிறது. கட்டளை மாறியும் கேம் அசையாவிட்டால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து சோதிக்கலாம். எப்போதும் ஒரே அளவு விலகியே இருந்தால் செயின் தேய்மானமோ பல் நழுவலோ இருக்கக்கூடும்.

ஆறாவது, ஆசிலோஸ்கோப் உள்ள பட்டறை என்றால் இரண்டு சென்சார்களின் அலையையும் ஒரே திரையில் வரையலாம். அதே வகை இஞ்சின் ஒழுங்காக ஓடும்போது எடுத்த அலையோடு ஒப்பிட்டால், இஞ்சினைத் திறக்காமலே டைமிங் பிசகைக் காணலாம். அது இல்லாத பட்டறையில் பழைய முறை இருக்கிறது. கம்பிரஷன் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தாலோ, வேக்குவம் மீட்டர் முள் ஆடாமல் தாழ்ந்தே நின்றாலோ, வால்வின் நேரம் பிசகியிருக்கலாம் என்று பழைய மெக்கானிக்குகள் கணினி வருவதற்கு முன்பே கண்டுபிடித்தார்கள்.

ஏழாவதுதான் மூடியைக் கழற்றி, கிராங்கை மேல்நிலைப் புள்ளிக்குக் கொண்டுவந்து, குறிகள் பொருந்துகின்றனவா என்று கண்ணால் பார்ப்பது. இது ஏழாவது. பல இடங்களில் இதுவே முதலாவதாகிவிடுகிறது. அல்லது இது நடக்காமலே இஞ்சின் மாற்றப்படுகிறது.

எந்தக் காருக்கு எந்தக் கவலை?

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் கார்புரேட்டர் வண்டிகளுக்குக் குறியீடே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, டைமிங் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். காதும் கையும்தான் கணினி. 1993-இல் வந்த வீராவின் இன்ஜெக்ஷன் வகைகளில் மிட்சுபிஷியின் பழைய குறியீட்டு முறை இருந்தது. அதில் 22 என்றால் கிராங்க் கோண சென்சார், 23 என்றால் மேல்நிலைப் புள்ளி சென்சார். புதிய மலிவு ரீடரை அதில் செருகி, "ஒன்றும் வரவில்லை, கணினி கெட்டுப்போச்சு" என்று சொல்லும் தவறு இன்றும் நடக்கிறது. சாக்கெட் பொருந்துவதால் மட்டும் மொழி பொருந்திவிடாது.

2004-இல் ஜென்-2 காருடன் வந்த புரோட்டோனின் கேம்புரோ இஞ்சினில் டைமிங் பெல்ட். இதில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். எனவே இந்தக் காரைப் பழையதாக வாங்குபவர், பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டோடு டென்ஷனரையும் மாற்றுவதே முழு வேலை. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த டென்ஷனரை விட்டுவைப்பது, புதுக் கயிற்றைப் பழைய முளையில் கட்டுவதற்குச் சமம்.

2005-இல் வந்த பெரோடுவா மைவியின் 1.3 இஞ்சினில் டைமிங் செயின், எண்ணெய் அழுத்தத்தால் கேமை நகர்த்தும் அமைப்பு. "செயின் வண்டிக்குப் பராமரிப்பே வேண்டாம்" என்ற பேச்சு இதனோடு சேர்ந்தே பரவியது. செயினுக்கு மாற்றும் காலக்கெடு இல்லை என்பது சரி. ஆனால் அதற்குச் சாப்பாடு எண்ணெய். எண்ணெயைப் பட்டினி போட்டால் முதலில் தேய்வது அதுதான்.

இது பழைய, சிறிய கார்களின் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 3.6 லிட்டர் வி-6 இஞ்சின் பொருத்திய 2007 முதல் 2009 வரையிலான சில வண்டிகளில் டைமிங் செயின் சீக்கிரமே தேய்ந்து, இதே வகைக் குறியீடுகள் வந்தன. நிறுவனம் அந்தப் பழுதுக்கான பொறுப்பை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வரை நீட்டித்தது. அதோடு, எண்ணெய் மாற்றச் சொல்லும் நினைவூட்டியையும் திருத்தி, முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே மாற்றச் சொல்லும்படி செய்தது. இஞ்சினை வடிவமைத்த நிறுவனமே கடைசியில் எண்ணெய்க் கணக்குக்குத்தான் திரும்பி வந்தது.

மாற்றுவதா, விற்பதா?

விசாரணை முடிந்து, செயினும் டென்ஷனரும்தான் போயிருக்கின்றன என்று உறுதியானால் என்ன செய்வது? ஹாஃப்-கட் கடையில் பழைய இஞ்சின் வாங்கி மாட்டுவது பலருக்கும் தோன்றும் வழி. அந்த இஞ்சினின் செயின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்ல யாரும் இல்லை. மாட்டுவதற்கு முன் அதன் செயின், டென்ஷனர், சீல்களைப் பார்க்காவிட்டால் பழைய நோய் புது உடம்பில் திரும்பி வரும். இஞ்சின் எண் மாறுவதால் பரிசோதனையும், சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவும் தேவை. இந்தச் செலவையும் அலைச்சலையும் யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கு இப்படிப் போட வேண்டும். ஒரு பக்கம் செயின் வேலைக்கான முழுச் செலவு. மறு பக்கம், இந்தக் காரை விற்றால் கிடைப்பது, அடுத்த காருக்கு மாதத் தவணை, அதன் காப்புறுதி. உடல் துருப்பிடிக்காமல், கியர்பாக்ஸ் நன்றாக இருந்து, இஞ்சின் எண்ணெய் குடிக்காமல் இருந்தால், செயின் வேலை சில மாதத் தவணைக்குள் அடங்கிவிடும். இஞ்சின் நீலப் புகை விட்டு, கியர்பாக்ஸ் வழுக்கி, அடித்தளம் துருவேறிய காருக்குச் செயின் மாற்றுவது வீண். ஆக, முதல் தரப்பும் இரண்டாம் தரப்பும் வேறு வேறு கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய கார்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடலாம் என்ற எண்ணம் அரசாங்க மட்டத்திலும் வந்ததுண்டு. 2009-இல் பழைய காரை ஒப்படைத்துவிட்டு உள்நாட்டுப் புதுக் கார் வாங்குவோருக்கு 5,000 வெள்ளி கழிவு தரும் திட்டம் வந்தது. அதே ஆண்டு இறுதியில், 15 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்று அறிவிக்கப்பட்டது. மக்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பாதுகாப்பு வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்லர். வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் அந்தச் சுமை ஏழைக் குடும்பத்தின் மேல்தான் விழும் என்பதே அவர்களது அச்சம். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றால் அதனோடு ஒரு கடமையும் வருகிறது. கட்டாயப் பரிசோதனை வேண்டாம் என்றவர்கள், தாங்களாகவே காரைப் பரிசோதித்து வைத்திருக்க வேண்டும்.

பொருளுக்குக் காசு, மூளைக்குக் காசில்லையா?

கடைசியாக ஒரு கசப்பான உண்மை. பட்டறையில் சென்சார் மாற்றினால் காசு கொடுக்க யாரும் தயங்குவதில்லை. கையில் ஒரு பொருள் வருகிறது. ஆனால் மெக்கானிக் இரண்டு மணி நேரம் செலவழித்து, "சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, வயர்தான் அறுந்திருந்தது, ஒட்டிவிட்டேன்" என்று சொன்னால், "ஒரு வயருக்கா இவ்வளவு?" என்று முகம் மாறுகிறது. கண்டுபிடித்ததற்குக் கூலி கிடைக்காத ஊரில் யார் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள்? பொருளை மாற்றினால்தான் வருமானம் என்று ஆனபோது, ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது. அதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று சென்சார் மாற்றியும் விளக்கு அணையாத காரின் சொந்தக்காரர், கண்டுபிடிக்கும் கூலியைப் போல இரண்டு மடங்கைப் பொருளுக்கே கொட்டியிருப்பார்.

எனவே பட்டறைக்குப் போகும் ஒவ்வொருவரும் நான்கு கேள்வி கேட்கட்டும். என்ன குறியீடு வந்தது, எழுதிக் கொடுக்க முடியுமா? என்னென்ன சோதித்தீர்கள்? இந்தப் பொருள்தான் கெட்டது என்று எப்படித் தெரிந்தது? கழற்றிய பழைய பொருளைக் காட்ட முடியுமா? மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். சோதனைக்கான கூலியையும் முதலிலேயே பேசி, முகம் கோணாமல் கொடுத்துவிட வேண்டும்.

பழைய கார் வாங்குவோரும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. விற்பதற்கு முன்தினம் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிடுவோர் உண்டு. பொதுக் குறியீட்டு முறை உள்ள கார்களில், அழித்த பிறகு கணினி தன் சுய சோதனைகளை மறுபடி முடிக்கச் சிறிது காலம் ஆகும். ரீடரில் "சோதனைகள் முடியவில்லை" என்று வந்தால், சமீபத்தில் ஏதோ அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது போய், முதல் ஸ்டார்ட்டைத் தன் காதாலேயே கேட்பது இன்னும் நல்லது.

எப்போது ஓட்டவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி இயல்பாக ஓடினால் மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். விளக்கு மினுக்கி, இஞ்சின் உதறினால் ஓரமாக நிறுத்த வேண்டும். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தாலும், சங்கிலிச் சத்தம் நிற்காமல் கேட்டாலும் அந்த இடத்திலேயே இஞ்சினை அணைத்துவிட வேண்டும். பெல்ட் அறுந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும். அப்படிச் சுற்றினால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகக் கூடாது. இழுவை வண்டியின் வாடகை, வளைந்த வால்வுகளைவிட மலிவு.

இன்றைய கேள்விக்கு வருவோம். விளக்கு எரிந்தால் இஞ்சினை மாற்றுவதா? எண்ணெய்க் குச்சியைப் பார்க்காமல், வயரைத் தொடாமல், நேரடி எண்களைப் படிக்காமல் யாராவது "ஆமாம்" என்று சொன்னால் அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை. சோதித்து, காரணத்தைக் காட்டி, "இந்த இஞ்சின் இனித் தாங்காது" என்று சொன்னால் அதை மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளலாம். இந்த வார இறுதியில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் எண்ணெய்க் குச்சியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதி நினைவுக்கு வரவில்லை என்றால், விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.